மால்டாவில் கூரை தரைக்கு அடியில் இருக்கிறது

கேள்வி சுருக்கமாக இதுதான்: செப்டம்பர் 18 முதல் 24 வரை மால்டா போகிறீர்கள். நீங்கள், மனைவி, ஐந்து வயது மகன், முழங்கால் வலி உள்ள அம்மா என நான்கு பேர். பிரமிடுகளைவிடப் பழைய கோயில்கள் அங்கே இருக்கின்றன என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள், ஆனால் படத்தில் பார்த்தால் வெறும் கல் குவியலாகத் தெரிகிறது. அதற்கு நாட்களை ஒதுக்கலாமா, இல்லை கடலும் கோட்டையும் போதுமா?

ஒதுக்கலாம். ஆனால் வரிசை முக்கியம். தப்பான வரிசையில் போனால் நேரிலும் கல் குவியலாகத்தான் தெரியும். நான் முதல் தடவை போனபோது விமானம் இறங்கிய மறுநாளே நேராக ஹஜர் ஈம் என்ற கோயிலுக்குப் போனேன். கொளுத்தும் வெயிலில் அரை மணி நேரம் சுற்றிவிட்டு, "சரி, பெரிய கல்தான்" என்று திரும்பிவிட்டேன். அந்தப் பயணத்தின் கடைசி நாளில் ஹைப்போஜியம் என்ற பாதாளக் கல்லறையைப் பார்த்த பிறகுதான் எதைத் தவறவிட்டேன் என்று புரிந்தது. அடுத்த முறை தலைகீழாகப் போனேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தத் தீவுகளில் ஏறக்குறைய கி.மு. 3600-லிருந்து 2500 வரை, உலோகமே தெரியாத விவசாயிகள் பெரிய பெரிய கல் கட்டடங்களைக் கட்டினார்கள். கிசாவின் பெரிய பிரமிடு எழுந்தபோது மால்டாவில் இந்தக் கட்டடக் காலமே முடியும் தறுவாயில் இருந்தது. இதுவும் ரொம்ப நாள் தெரியாது. எகிப்து, கிரேக்கம் பக்கம் பார்த்துத்தான் கட்டியிருப்பார்கள் என்று நினைத்திருந்தார்கள். கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பைத் திருத்திய பிறகு அந்தக் கணக்கு உடைந்தது. 'உலகிலேயே மிகப் பழைய கட்டடம்' என்று சுற்றுலா விளம்பரங்களில் போட்டிருப்பார்கள், அதை நம்பவேண்டாம். துருக்கியின் கோபெக்லி டெபே இவற்றைவிடப் பல ஆயிரம் ஆண்டு மூத்தது. இன்னொன்று, 'கோயில்' என்பது நாம் வைத்த பெயர். உள்ளே யாரை வணங்கினார்கள், வணங்கினார்களா என்றே எழுதிவைத்தவர் யாரும் இல்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். தரைக்கு மேல் இருக்கும் எந்தக் கோயிலிலும் கூரை கிடையாது. சுவர்கள் ஒரு உயரத்துக்கு மேல் இடிந்துவிட்டன. ஆனால் பவோலா ஊரின் குடியிருப்புத் தெருவுக்கு அடியில், ஹல் சஃப்லீனி ஹைப்போஜியம் என்ற பாதாளக் கல்லறையில், அதே கோயில்களின் வடிவத்தைப் பாறையில் குடைந்து வைத்திருக்கிறார்கள். நிலைத்தூண், மேல் உத்தரம், அதற்கு மேல் ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வளைந்து போகும் கூரை, எல்லாமே ஒரே பாறையில். மேலே நிஜமாகவே முழுக்கக் கல்லால் மூடினார்களா, மரமும் மண்ணும் வைத்து மூடினார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் அந்த மனிதர்கள் தங்கள் கட்டடத்தை மனதில் எப்படிப் பார்த்தார்கள் என்பது இங்கே தெரிகிறது. அதைப் பார்த்த கண்ணோடு மேலே போனால், கல் குவியல் கட்டடமாகிவிடும்.

எனவே முதல் வேலை, இன்றைக்கே ஹைப்போஜியத்துக்கு டிக்கெட் போடுவது. ஒரு குழுவுக்குப் பத்துப் பேர், ஒரு நாளைக்கு மொத்தம் 80 பேர்தான். உள்ளே போகிறவர்களின் மூச்சிலிருந்து வரும் ஈரமும் கரியமில வாயுவும் சுவரில் உள்ள செங்காவி ஓவியங்களைக் கெடுக்கின்றன என்பதால் இந்தக் கட்டுப்பாடு. கோடையிலும் செப்டம்பரிலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால், அடுத்த நாளுக்கென்று ஒருசில டிக்கெட்டுகளைக் கூடுதல் விலைக்குத் தலைநகர் வலேட்டாவின் செயின்ட் எல்மோ கோட்டையிலும் பக்கத்துத் தீவான கோசோவின் அருங்காட்சியகத்திலும் நேரில் விற்பார்கள். காலையில் முதல் ஆளாக நிற்கவேண்டும். இந்த இடங்களைப் பராமரிக்கும் அரசு அமைப்பான ஹெரிட்டேஜ் மால்டாவின் பல இடங்களுக்கும் சேர்த்த பாஸ் ஒன்று உண்டு, மற்ற எல்லாவற்றுக்கும் அது நல்ல பேரம், ஆனால் ஹைப்போஜியம் அதில் சேராது.

உங்களுக்கு இங்கே ஒரு சிக்கல்: ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். வயதைக் கூட்டிச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைக்கவேண்டாம். அம்மாவுக்கும் அங்கே படிகள் கஷ்டம். ஆகவே இரண்டு நேரங்களுக்கு ஒவ்வொரு டிக்கெட் போடுங்கள். ஒருவர் உள்ளே, மற்றவர் அம்மாவோடும் பையனோடும் வெளியே, அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். பவோலாவின் சதுக்கத்தில் காபிக் கடைகள் இருக்கின்றன.

உள்ளே போகும்போது பையையும் கைபேசியையும் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும், படமெடுக்க அனுமதி இல்லை. ஒருவகையில் அது நல்லதுதான். விளக்குகள் மங்கலாகவே இருக்கும், நீங்கள் நிற்கும் இடத்தில் மட்டும் எரிந்து பின்னால் அணையும். மூன்று அடுக்குகளாகப் பத்து மீட்டர் ஆழம்வரை குடைந்திருக்கிறார்கள். மேல் அடுக்கு இயற்கைக் குகையை விரித்த மாதிரி கரடுமுரடாக இருக்கும், நடு அடுக்கில்தான் கைவேலை. ஒரு அறையின் கூரையில் செங்காவியில் சுருள் சுருளாகக் கொடிபோல் வரைந்திருக்கிறார்கள். பக்கத்துச் சுவரில் ஒரு மாடக்குழி. அதில் வாய் வைத்து ஆண் குரலில் தாழ்ந்து பேசினால் ஒலி அந்த அடுக்கு முழுக்கப் பரவும். பேசிப் பார்க்க விடமாட்டார்கள், ஒலிப்பதிவைப் போட்டுக்காட்டுவார்கள்.

இதைக் கண்டுபிடித்த கதை வயிற்றெரிச்சல். 1902-இல் வீடு கட்டத் தண்ணீர்த் தொட்டி வெட்டியவர்கள் பாறையை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தார்கள். வேலை நின்றுவிடும் என்று சொல்லாமல் மறைத்து, கட்டட இடிபாடுகளை அதற்குள்ளேயே கொட்டினார்கள். பிறகு இம்மானுவேல் மக்ரி என்ற இயேசு சபைப் பாதிரியார் அகழத் தொடங்கினார். 1907-இல் துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் இருந்தபோது இறந்துபோனார், அவருடைய அகழாய்வுக் குறிப்புகள் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் விட்ட இடத்தில் தொடர்ந்தவர் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித். சுமார் 7,000 பேரின் எலும்புகள் அங்கே இருந்திருக்கும் என்று கணக்கிட்டவர் அவர்தான்.

சம்மித்தைப் பற்றி ஒரு வரி அதிகமாகச் சொல்லியே ஆகவேண்டும். அவர் படிப்பால் மருத்துவர். மால்டாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களை வாட்டிய 'மால்டா காய்ச்சல்' ஆட்டுப்பால் வழியாகப் பரவுகிறது என்பதை 1905-இல் கண்டறிந்தவர். இன்று நாம் புரூசெல்லோசிஸ் என்கிறோமே, அதுதான். நுண்ணோக்கியை வைத்துக்கொண்டிருந்த அதே ஆள் தீவின் அருங்காட்சியகத்தையும் நடத்தினார். வயலில் கலப்பை பெரிய கற்களில் முட்டுகிறது என்று ஒரு விவசாயி சொன்னதைக் கேட்டு அவர் தோண்டிய இடம்தான் டார்ஷீன்.

டார்ஷீன் ஹைப்போஜியத்திலிருந்து நடக்கிற தூரம். நான்கு கோயில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலே வெயிலுக்கும் மழைக்கும் கூடாரம் போட்டு, சுற்றிலும் வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. மால்டாவின் நுணுக்கமான கற்செதுக்கெல்லாம் இங்கேதான். நுழைந்ததும் ஒரு பிரம்மாண்டச் சிலை, இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மிச்சம்: மடிப்பு வைத்த பாவாடை, தூண்போன்ற கெண்டைக்கால், அதற்குப் பொருந்தாத சின்னப் பாதம். மேல்பாதி வயல்காரர்களின் கையில் கல்லாகப் போய்விட்டது. பக்கத்தில் சுருள் செதுக்கிய ஒரு பலிபீடம் இருக்கும். அதன் முகப்பில் ஒரு கல்லை அடைப்பான்போல் பொருத்தியிருந்தார்கள். சம்மித் அதை எடுத்துப் பார்த்தபோது உள்ளே சிக்கிமுக்கிக் கல்லால் செய்த கத்தி ஒன்றும் ஆட்டுக் கொம்பும் இருந்தன. பையனுக்கு இதைக் காட்டிக் கதை சொல்லுங்கள், அவன் மறக்கமாட்டான். இடையிடையே பந்துபோல் உருண்டைக் கற்கள் கிடக்கும். பெரிய பலகைக் கல்லை இவற்றின்மேல் வைத்துத்தான் உருட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது ஒரு கருத்து.

ஆனால் நீங்கள் டார்ஷீனில் பார்க்கும் செதுக்குகளில் பல நகல்கள். அசல்கள் வலேட்டாவில், ரிபப்ளிக் தெருவில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதனால்தான் முதல் நாளை அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள் என்கிறேன். அங்கே தேடிப் பார்க்கவேண்டியது ஹைப்போஜியத்தில் கிடைத்த 'உறங்கும் பெண்'. எல்லாரும் பெரிய சிலை என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நீளம் 12 சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கும். ஒரு கட்டிலில் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள். கண்ணாடியைச் சுற்றிக் கொஞ்சம் நடந்து பாருங்கள், அவள் எடையில் கட்டில் நடுவில் தாழ்ந்திருப்பது தெரியும். மதிய உணவுக்குப் பின் கண்ணயர்ந்த நம் வீட்டுப் பெரியம்மா மாதிரி இருப்பாள். தூக்கமா, மரணமா என்று கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள்.

தா ஹஜ்ரத் கோயிலில் கிடைத்த, கையளவே உள்ள கல் மாதிரிக் கட்டடம் ஒன்றையும் விடாதீர்கள். கூரையோடு இருக்கும் அது, கோயில் கட்டியவர்களே செய்துவைத்தது. 'தாய்த் தெய்வ வழிபாடு' என்ற விளக்கத்தை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். பருத்த உடல் சிலைகளில் பலவற்றுக்கு ஆணா பெண்ணா என்று சொல்லும் அடையாளமே இல்லை.

இதற்குப் பிறகு ஹஜர் ஈம் போங்கள். எழுத்தில் 'கீம்' என்பதுபோல் இருக்கும், ஆனால் மால்டீஸ் மொழியில் அந்த எழுத்து தொண்டையில் அடைத்து விடும் ஒரு ஒலி மட்டுமே. அம்மொழியே அரபியிலிருந்து கிளைத்து லத்தீன் எழுத்தில் எழுதப்படுவது. ஹஜர் என்றால் கல். வலேட்டாவிலிருந்து பேருந்து உண்டு. ஞாயிறன்று குறைவு, காத்திருக்கும் பொறுமை அம்மாவுக்கு இல்லையென்றால் கைபேசிச் செயலியில் வாடகைக் கார் பிடித்துவிடுங்கள். தீவே 246 சதுர கிலோமீட்டர்தான், எங்கிருந்து எங்கே போனாலும் கட்டணம் தலையைச் சுற்றாது.

தென்மேற்குக் கரை, ஆள் அரவமில்லாத பாறைச் சரிவு, கீழே கடலில் ஃபில்ஃப்லா என்ற குட்டித் தீவு. ஹஜர் ஈமின் முகப்பில் நிற்கும்போது ஹைப்போஜியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் நிற்கும் பலகைக் கல், மேலே படுக்கைக் கல், நடுவில் வாசல், அதே வார்ப்பு. வெளிச்சுவரில் ஒரு கல் மட்டும் சுமார் 20 டன் எடை. இங்கே ஒரு விஷயத்தை உற்றுப் பாருங்கள்: இந்தக் கல் தேன் நிறம், நகத்தால் கீறினால் பொடி வரும் அளவு மென்மை, உப்புக்காற்றில் தேன்கூடு மாதிரி அரித்திருக்கிறது. 500 மீட்டர் கீழே உள்ள இம்னைட்ரா கோயிலின் வெளிச்சுவர் சாம்பல் நிறக் கடினக் கல், அது இன்னும் கூர்மையாக நிற்கிறது. செதுக்க வேண்டிய உட்புறத்துக்கு மென்மையான கல், காற்றை எதிர்க்கும் வெளிப்புறத்துக்குக் கடினமான கல் என்று இம்னைட்ராவில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஹஜர் ஈமில் முழுக்கவே மென்மையான கல், அதற்கான விலையைக் கொடுத்துவிட்டது. 2009-இல் இரண்டுக்கும் வெள்ளைக் கூடாரம் போட்டார்கள். புகைப்படக்காரர்களுக்கு அது பிடிக்காது. எனக்கு நிழலுக்காகவே பிடிக்கும்.

இம்னைட்ராவுக்கு இறங்கும் பாதை நல்ல நடைபாதைதான், ஆனால் திரும்பும்போது ஏற்றம். அம்மா மேலே உள்ள பார்வையாளர் மையத்தில் உட்காரட்டும். நீங்கள் கட்டாயம் இறங்குங்கள், ஏனென்றால் இந்தக் கோயில்களில் இதுதான் அழகு. உள்ளே ஒரே கல்லில் சதுரமாக வெட்டிய ஜன்னல்வாசல் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கல் முழுக்க ஊசிப் புள்ளிபோல் ஆயிரக்கணக்கான சிறு குழிகள். கல்லாலும் கொம்பாலும் ஒவ்வொன்றாகத் திருகித் திருகிப் போட்டவை. எனக்கு 20 டன் கல்லைவிட அந்தக் குழிகள்தான் மலைப்பு.

உங்கள் தேதிகளில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. செப்டம்பர் 22 அல்லது 23 சம இரவு நாள். அன்று சூரியன் உதிக்கும்போது இம்னைட்ராவின் தென்கோயில் வாசல் வழியாக ஒளி நேர்கோட்டில் புகுந்து உள்ளறையின் கடைசி மாடம்வரை போகும். ஜூன், டிசம்பர் சங்கிராந்திகளில் அதே ஒளி வாசலுக்கு இருபக்கமும் உள்ள கற்களின் விளிம்பில் விழும். விடியலில் பார்க்க ஹெரிட்டேஜ் மால்டா சிறப்பு அனுமதி தரும், டிக்கெட் மிகக் குறைவு, அறிவிப்பு வந்ததும் போட்டுவிடுங்கள். மேகம் வந்தால் எல்லாம் போச்சு, அதற்கும் தயாராக இருங்கள். கிடைக்காவிட்டால் மால்டாவின் 1, 2, 5 செண்ட் நாணயங்களைத் திருப்பிப் பாருங்கள், அதில் இருப்பது இம்னைட்ராவின் பலிபீடம்தான்.

கோசோவுக்கு ஒரு முழு நாள். வடகோடியில் உள்ள சிர்கேவ்வா துறையிலிருந்து கப்பலில் 25 நிமிடம். போகும்போது யாரும் காசு கேட்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் டிக்கெட், எனவே தேடி அலையவேண்டாம். வலேட்டாவிலிருந்து விரைவுப் படகும் உண்டு. கோசோவில் இறங்கும் துறையின் பெயர் இம்ஜார். மால்டாவில் ஸ்கோர்பா, தா ஹஜ்ரத் கோயில்கள் இருக்கும் கிராமத்தின் பெயரும் இம்ஜார்தான். வழிகாட்டிச் செயலியில் தவறாகத் தட்டி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஷாரா ஊரில் உள்ள ஜகான்டியாதான் பெரிய கோயில்களில் மூத்தது. 'ராட்சசர்களின் இடம்' என்று பொருள். சன்சூனா என்ற ராட்சசி, தோளில் குழந்தையோடு, அவரை மாதிரியான பயறை மென்றுகொண்டே இந்தக் கற்களைத் தலையில் சுமந்து வந்தாள் என்று அவ்வூர்க்கதை சொல்கிறது. வெளிச்சுவர்க் கற்களில் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமானவை உண்டு, பார்த்தால் கதையை நம்பத் தோன்றும். டிக்கெட்டோடு பக்கத்தில் உள்ள தா கோலா காற்றாலையும் சேரும். அப்புறம் விக்டோரியா நகரின் கோட்டைச் சுவரில் ஒரு சுற்று, ஷ்வெய்னி கரையில் பாறையில் வெட்டிய உப்பளங்கள். 'அஸூர் விண்டோ' என்ற கல் வளைவைத் தேடவேண்டாம், 2017 மார்ச் 8-ஆம் தேதி புயலில் அது கடலில் விழுந்துவிட்டது. இன்னும் பழைய படத்தை வைத்துக்கொண்டு சுற்றுலா விற்பவர்கள் இருக்கிறார்கள்.

பையனுக்காக ஒரு இடம்: பிர்செப்புஜா அருகே ஆர் தலம், அதாவது இருட்டுக் குகை. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது சிசிலியிலிருந்து வந்து இங்கே மாட்டிக்கொண்ட யானைகளும் நீர்யானைகளும், தீவில் தீனி குறைவாக இருந்ததால் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப்போயின. சில யானை வகைகள் வளர்ந்தபிறகும் ஒரு மீட்டர் உயரம்தான். அவற்றின் எலும்புகளும் பற்களும் குகைத் தரையில் அடுக்கடுக்காகக் கிடைத்தன. வாசலில் உள்ள பழைய பாணி அருங்காட்சியகத்தில் பல்லும் எலும்பும் வரிசை வரிசையாக, பள்ளிக்கூட ஆய்வகம்போல் வைத்திருப்பார்கள். முதல் மனிதர்கள் எப்போது வந்தார்கள் என்ற கணக்கு அண்மையில் மாறியிருக்கிறது. வடக்கே லட்னியா என்ற இடத்தில் நடந்த அகழாய்வு 2025-இல் வெளியானது. விவசாயிகளுக்கு முன்பே, சுமார் 8,500 ஆண்டுகளுக்கு முன், வேட்டையாடிகள் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் திறந்த கடலைத் தாண்டி வந்திருக்கிறார்கள். பாய்மரம் அறிமுகமாவதற்கு வெகு முன்னால்.

மிச்ச நாட்களுக்கு வலேட்டா. 1565-இல் ஒட்டோமான் படை நடத்திய முற்றுகைக்குப் பிறகு, அப்போது தீவை ஆண்ட செயின்ட் ஜான் சபை மாவீரர்கள் 1566-இல் அடிக்கல் நாட்டிய நகரம், தெருக்கள் மேடும் படியும். துறைமுகத்திலிருந்து அப்பர் பரக்கா தோட்டத்துக்கு 58 மீட்டர் லிஃப்ட் இருக்கிறது, அம்மாவை அதில் கூட்டிப்போங்கள். மதியம் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். செயின்ட் ஜான் தேவாலயத்தின் உள்ளே இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1608-இல் வரைந்த யோவானின் சிரச்சேதம் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம். கையெழுத்தைத் தேடினால் யோவானின் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்தில் இருக்கும். அதே ஆண்டில் சண்டையில் சிறைப்பட்டுத் தப்பி ஓடினார். அந்த மாவீரர் சபையில் சேர்ந்திருந்த அவரை அதிலிருந்து நீக்கும் சடங்கை இந்த ஓவியத்தின் முன்னாலேயே நடத்தினார்கள். ஞாயிறு காலை மர்சஷ்லோக் மீன்சந்தை போகலாம், படகுகளின் முகப்பில் கண் வரைந்திருக்கும். செப்டம்பர் லம்பூக்கி மீனின் பருவம். கொமினோ என்ற குட்டித் தீவின் நீலக் கடல்குளத்தை நான் தவிர்த்துவிடுவேன், அங்கே தண்ணீரைவிட மனிதர்கள் அதிகம்.

சைவம் என்றால் பட்டாணி அடைத்த பஸ்டிஸி என்ற பலகாரம் பசி தாங்கும். ஆனால் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் கடைகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். பிகில்லா என்ற பயறு மசியலை ஃப்டிரா ரொட்டியில் தடவிச் சாப்பிட்டால் அம்மாவுக்கும் ஒத்துவரும்.

ஷெங்கன் விசாவுக்கு இப்போதே நேரம் வாங்குங்கள். பிளக் பிரிட்டன் வகை, நம் ஊர் மூன்று முனை அதில் ஏறாது. தொப்பி, தண்ணீர், தேய்ந்துபோகாத அடி உள்ள செருப்பு வேண்டும், அந்த மென்மையான கல் பல இடங்களில் வழுக்கும்.

வரிசையை ஒருமுறை: முதல் நாள் அருங்காட்சியகம், இரண்டாம் நாள் ஹைப்போஜியமும் டார்ஷீனும், மூன்றாம் நாள் ஆர் தலம், கோசோ 21 அல்லது 24, இம்னைட்ரா 22 அல்லது 23 விடியலில். ஹைப்போஜியத்துக்கு எந்தத் தேதி கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு மற்றதை நகர்த்துங்கள். அது ஹஜர் ஈமுக்கு முன்னால் வந்தால் போதும்.